பெயர் எழுதும் பையன்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து மாலைநேரப் படிப்பகம் ஒன்று நடத்துகிறோம். நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள். தலைமைப் பண்பு வளரட்டுமே என்று ஒருவனைத் தலைவன் ஆக்கினோம். இரண்டே மாதத்தில் அவன் எங்களுக்கு உளவு சொல்கிறவனாகிவிட்டான். மற்ற பிள்ளைகள் அவனோடு பேசுவதே இல்லை. எங்கே தவறினோம்?

ம.

அன்புள்ள ம.,

ஆறாம் வகுப்பில் நான் லீடர். வாத்தியார் வெளியே போனதும் கரும்பலகையின் ஓரத்தில் பேசுகிறவன் பெயரை எழுதுவேன். மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. கடலை மிட்டாய் தந்தவன் பெயர் அழிந்துவிடும். உங்கள் பையன் என்னைவிட யோக்கியன் என்றே தோன்றுகிறது.

அவனை நொந்து பயனில்லை. உங்கள் அதிகாரத்தில் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தீர்கள். அதை உங்களுக்காகத்தானே செலவழிப்பான்?

போலந்தின் வார்சாவில் 1912-இல் யூத அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தைப் பொறுப்பேற்ற மருத்துவர் யானுஸ் கோர்ச்சாக். அவருடைய இல்லத்திலும் பெயர் எழுதும் பலகை உண்டு. ஆனால் யார் மீது யார் வேண்டுமானாலும் வழக்கு எழுதலாம். விசாரிப்பது பிள்ளைகளின் நீதிமன்றம். அந்த வாரம் வழக்கில் சிக்காதவர்களிலிருந்து குலுக்கல் முறையில் நீதிபதிகள் வருவார்கள். இன்று குற்றம் சாட்டப்பட்டவன் அடுத்த வாரம் தீர்ப்புச் சொல்லலாம். சட்டத்தின் முதல் 99 பிரிவுகளும் ஏதாவது ஒரு காரணம் சொல்லி மன்னித்துவிடுபவை. 100-இல்தான் குற்றமே தொடங்குகிறது. 1000 என்றால் வெளியேற்றம்.

எடுத்த எடுப்பில் அது சரியாக ஓடவில்லை. இடையில் நிறுத்திவைத்தார்கள். மீண்டும் தொடங்கியபோது பெரியவர்கள் மீதும் வழக்குப் போடலாம் என்றாயிற்று. கோர்ச்சாக் ஆறு மாதத்தில் ஐந்து முறை தன் மீதே வழக்குப் போட்டுக்கொண்டார். ஒரு பையனைக் காதோடு அறைந்ததற்கு ஒன்று. ஒரு சிறுமியைத் திருடியதாகச் சந்தேகப்பட்டதற்கு ஒன்று. நீதிபதியை அவமதித்ததற்கும் ஒன்று! 1942-இல் பிள்ளைகளைத் தனியே விடாமல் அவர்களோடு நாஜிகளின் கொலை முகாமான ட்ரெப்ளிங்காவுக்குப் போனவர் என்றே பலரும் அவரை நினைக்கிறார்கள். எனக்கு இந்த ஐந்து வழக்குகள்தான் முதலில் ஞாபகம் வரும்.

அந்தப் பையனைப் பதவியிலிருந்து இறக்காதீர்கள், பாவம், அது அவனுக்குத் தண்டனையாகிவிடும். பதவியையே எடுத்துவிடுங்கள். நாற்பது பெயர்களையும் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். நீங்கள் நால்வரும் தாமதமாக வந்து பிள்ளைகளை வாசலில் காக்க வைத்த நாள் ஒன்றாவது இருக்குமே? முதல் வழக்கு அதுவாக இருக்கட்டும்.