அகதியாகக் கற்பனை செய்வது

அன்புள்ள ஐயா,

வடசென்னையில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். இந்தப் பருவத்தில் அகதிகள் பற்றிய கதைகளை வாசிக்கிறோம், பெரும்பாலும் சிரியா. 'உங்களை ஓர் அகதியாகக் கற்பனை செய்து தாய்நாட்டுக்குக் கடிதம் எழுதுக' என்று பயிற்சி கொடுத்தேன். உருக்கமாக எழுதினார்கள், ஆனால் எல்லாக் கடிதங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அடுத்து ஆய்வுக் கட்டுரை. அதில் புனைவைச் சான்றாகக் கொள்ளலாமா? எந்த நாவல்களைப் பரிந்துரைப்பீர்கள்?

க.

அன்புள்ள க.,

நாவல் பட்டியலை உங்கள் நூலகரே தருவார். சான்று பற்றிய கேள்வியை ஆய்வு நெறியாளர்களிடம் விட்டுவிடலாம். சில நாட்களாக நான் நினைத்துக்கொண்டிருந்ததை உங்கள் கடிதப் பயிற்சி கிளறிவிட்டது. எதையும் தெரிந்துகொள்ளுமுன் அழச் சொன்னால், பிள்ளைகள் சினிமாவில் பார்த்த அழுகையைத்தான் அழுவார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். பயிற்சியே தவறு.

உங்கள் மாணவர்கள் மாலையில் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் சாப்பிடுகிறவர்கள்தானே? அந்தப் பண்டம் கடற்கரை ரயில் நிலையத்தருகே எப்படி வந்தது என்று ஒருவராவது கேட்டாரா? 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டாண்டுகளில் கடைகள் அரசுடைமையாயின. 1964 மே 17 அன்று அந்நாட்டுப் பணமான கியாட்டில் ஐம்பது, நூறு நோட்டுகள் செல்லாதவையாயின. சுமார் 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களில் தமிழர்கள் ஏராளம்.

எங்கள் தெருவில் ரங்கூனிலிருந்து வந்த ஒரு பெரியம்மா இட்லி விற்றார். நூறு ரூபாய் நோட்டை அவர் கையால் தொடமாட்டார். மகன் சம்பளம் கொண்டுவந்தால்கூட, "பத்து ரூபாயாக மாற்றிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்புவார். தெருவே அதைக் கிழவியின் பிடிவாதம் என்றது. அந்த மே மாதச் செய்தியைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது: பர்மாவில் சின்ன நோட்டுகள் மட்டுமே பிழைத்தன. தேதி தெரியாதவன் கதை எழுதினால் அவர் ஒரு விசித்திரக் கிழவி, அவ்வளவுதான். தேதியை மட்டும் தெரிந்தவனுக்கோ அவர் கண்ணிலேயே படமாட்டார்.

'தாய்நாட்டுக்கு' என்றீர்களே, எந்தத் தாய்நாடு? ரங்கூனில் பிறந்து வளர்ந்தவருக்குச் சென்னைதான் அந்நியம். இங்கே காலூன்ற முடியாமல், மணிப்பூர் வழியாகப் பர்மாவுக்கே திரும்ப முயன்றவர்கள் இருந்தார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு, மோரே என்ற மணிப்பூர் எல்லை ஊரில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. தன்னை வெளியேற்றிய நாட்டுக்கே திரும்பத் தவித்த மனிதரை உங்கள் மாணவர்களின் கடிதங்களில் ஒன்றாவது காட்டுகிறதா?

அந்தக் கடிதங்களுக்கு மதிப்பெண் போடாமல் எடுத்து வையுங்கள். பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துப் போய், கன்னிமாரா நூலகத்தில் 1964ஆம் ஆண்டுச் செய்தித்தாள்களைப் புரட்டச் சொல்லுங்கள். கப்பலில் என்னென்ன கொண்டுவர அனுமதித்தார்கள், நகைக்கு என்ன கட்டுப்பாடு, இறங்கிய பிறகு எங்கே தங்கவைத்தார்கள் என்று தேடட்டும். அதற்குப் பிறகு கதை எழுதட்டும். வினாத்தாளை நீட்டி, "அப்போது உங்கள் உணர்வு என்ன?" என்று கேட்க எந்த முதியவரிடமும் அனுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து. அத்தோ கடையில் உட்கார்ந்து சாப்பிடட்டும். கடைக்காரர் தாமாக ஏதாவது சொன்னால் கேட்கட்டும்.

புதிதாக எழுதியவற்றை எனக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் வாசிக்கிறேன்.