மெர்ல் ஹாகர்டை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

கேள்வி: கன்ட்ரி இசை என்றாலே தொப்பி, குதிரை, காதல் தோல்விதான் எனக்கு நினைவு வருகிறது. நீங்கள் மெர்ல் ஹாகர்டை அடிக்கடி குறிப்பிடுகிறீர்கள். அவரிடம் அப்படி என்ன இருக்கிறது? சிறையில் இருந்தவராமே?

பதில்: ஆமாம், இருந்தார். 1937-ல் கலிஃபோர்னியாவில், பேக்கர்ஸ்ஃபீல்டை ஒட்டிய ஆயில்டேலில் பிறந்தவர். ஒக்லஹோமாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம். ரயில் சரக்குப் பெட்டி ஒன்றை வீடாக்கிக் குடியிருந்தார்கள். ஒன்பது வயதில் அப்பா இறந்துபோனார். அப்புறம் பையன் அம்மாவின் கைக்கு அடங்கவில்லை. 1958-ல் சான் குவென்டின் சிறை. அங்கே கைதிகளுக்காகப் பாட வந்த ஜானி கேஷின் கச்சேரியை, கைதிகளில் ஒருவராக உட்கார்ந்து கேட்டார். 1960-ல் பரோலில் வெளியே வந்தார். 1972-ல் ஆளுநர் ரொனால்ட் ரீகன் அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார்.

ஆனால் நான் அவரிடம் விழுந்தபோது இந்தக் கதை எதுவும் எனக்குத் தெரியாது. குரல்தான் இழுத்தது. சோகமான வரியில்கூட அவர் தொண்டையை இறுக்க மாட்டார். வரி முடியும் இடத்தில் குரலைத் தணித்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் விட்டுவிடுவார். உயிரெழுத்தை இழுத்து வளைக்கும் அந்தப் பழக்கம் அவருக்கு முந்தைய கன்ட்ரி பாடகர் லெஃப்டி ஃப்ரிசெல்லிடமிருந்து வந்தது. சிறுவயதில் அவரைப்போலவே பாடிப் பாடிப் பழகியிருக்கிறார்.

வாத்தியங்களையும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரத்து ஸ்டுடியோக்கள் வயலின் கூட்டமும் பின்னணிக் குரல்களுமாகப் பாட்டை மெழுகிக்கொண்டிருந்தன. பேக்கர்ஸ்ஃபீல்டின் மதுக்கூடங்களில் ஆட்டமும் கூச்சலும். அங்கே அந்த மென்மை எடுபடாது. டெலிகாஸ்டர் மின்கிதாரின் கூர்மையான ஒலி, அழுத்தமான தாளம், கூடவே, தந்திகள்மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் ஸ்டீல் கிதாரின் வழுக்கல். ஹாகர்டின் குழுவில் ராய் நிக்கல்ஸ் கிதார் வாசித்தார். தந்தியை வளைத்து ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அவர் ஏறும்போது கிதாரே பதில் சொல்வதுபோல் இருக்கும்.

அமெரிக்க கன்ட்ரி பட்டியலில் ஹாகர்டின் 38 பாட்டுகள் முதலிடம் பிடித்தன. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. புகழின் உச்சியில், 1970-ல், தன் ஆதர்சமான பாப் வில்ஸுக்கு ஒரு முழு இசைத்தட்டைக் காணிக்கையாக்கினார். வில்ஸ் வயலின்காரர் என்பதால், முப்பது வயதைத் தாண்டியபின் உட்கார்ந்து வயலின் கற்றுக்கொண்டார்! வில்ஸின் பழைய குழுவினரையும் அழைத்து வாசிக்கவைத்தார்.

சரி, 1968-ல் வந்த ‘மாமா ட்ரைட்’ பாட்டில் தொடங்குங்கள். (‘மாமா’ என்றால் இங்கே அம்மா.) அதில் வரும் ஆயுள்தண்டனை கற்பனை, இருபத்தொரு வயது சிறையில் நிறைந்தது உண்மை. தப்பு அம்மாவுடையது இல்லை, என்னுடையது என்று மகன் ஒப்புக்கொள்ளும் பாட்டு. முதல் தடவை தொடக்கத்தில் வரும் கிதாரை மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை, அம்மாவைச் சொல்லும் இடத்தில் குரல் எப்படி இறங்குகிறது என்று கவனியுங்கள்.