வரி நோட்டு வேறு, குடும்பச் சேதி வேறு

கேள்வி: எங்கள் குலதெய்வக் கோயில் விருதுநகர் பக்கம். மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடுவோம். அந்த வருடம் யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் வீடு கட்டினார்கள், யார் தவறிப்போனார்கள் என்று நாலு பக்கம் தட்டச்சு செய்து அன்று கொடுப்பது என் வேலை. அடுத்த சிவராத்திரிக்குக் கட்டிக்கொடுத்த பெண்களின் குடும்பச் சேதியையும் சேர்க்கலாம் என்றேன். பெரியப்பாவோ, "அவங்க வேற சாமி கும்பிடுறவங்க. வரி கட்டுறவங்க சேதி போதும்" என்கிறார். விவாகரத்தாகி எங்களோடு இருக்கும் என் அக்காவை எங்கே எழுதுவது என்றும் தெரியவில்லை.

பதில்: பெரியப்பா பேச்சைத் தள்ளிவிடாதீர்கள், அதில் பாதி நியாயம் இருக்கிறது. கோயில் வரி தலைக்கட்டுக் கணக்கில் ஓடுவது. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. பந்தல், கிடா, வெள்ளையடிப்பு எல்லாம் அந்த வரி நோட்டை வைத்துத்தான் நடக்கும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டுக் கோயிலில் வரி விழுந்துவிடுகிறது, இங்கேயும் கேட்டால் தகராறுதான்.

ஆனால் அது பணக்கணக்கு. நீங்கள் எழுதுவது சேதி. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை யார் அழைத்து வருகிறார்கள்? பிறந்த வீட்டார்தானே. பிள்ளைக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்கார வைக்கிறார்கள்? தாய்மாமன் மடியில். அதற்கு நீங்கள் சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு போவீர்கள், ஆனால் அந்தக் காதுகுத்து உங்கள் சேதித்தாளில் வராது என்றால் எப்படி? பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. இதைப் பெரியப்பாவிடம் மட்டும் எடுத்துவிடாதீர்கள். சேதித்தாள் பேச்சு சொத்துப் பேச்சாகத் திரும்பிவிடும்.

தாளின் அமைப்பை மாற்றுங்கள். முதல் பக்கம் வரி கட்டும் தலைக்கட்டுகள், வரி நோட்டில் இருக்கிறபடியே. அடுத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாத்தா பாட்டிக்குக் கீழேயும் அவர்கள் பெற்ற பிள்ளைகள், ஆண் பெண் பாராமல் பிறந்த வரிசையில். மருமகளாக வந்தவர்களுக்குப் பிறந்த ஊரையும் தாய் தகப்பன் பெயரையும் எழுதுங்கள். வெளியூரில் வளர்கிற பிள்ளைகளுக்கு யாரை மாமா என்பது, யாரைச் சித்தப்பா என்பது என்றே தெரியவில்லை. முறை தெரிந்துகொள்ள இந்தத் தாள் உதவும். தவறியவர்களுக்குத் தேதியோடு திதியையும் போடுங்கள், அடுத்த வருடம் திதி கொடுக்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். மார்க், சம்பளம், கார் வேண்டாம். அதெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே போதுமான அளவு ஓடுகிறது.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். பிறந்த வரிசையில் எழுதினால் அவருக்குத் தனியாக இடம் தேட வேண்டாம். உங்கள் அப்பா அம்மாவுக்குக் கீழே, உங்கள் பெயருக்கு மேலே அவர் பெயர். பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பெயரும் அங்கேயே. 'விவாகரத்தானவர்', 'தற்சமயம் பெற்றோருடன்' என்றெல்லாம் எழுதத் தேவையில்லை. இந்த வருடம் அவர் என்ன செய்தார் என்று ஒரு வரி போதும். வேலைக்குச் சேர்ந்தாரா, தையல் மெஷின் வாங்கிப் போட்டாரா, அதை எழுதுங்கள். எழுதும் முன் அவரிடம் காட்டிவிடுங்கள். "என் பெயர் மட்டும் இருக்கட்டும், வேறெதுவும் வேண்டாம்" என்று சொன்னால் அப்படியே விட்டுவிடுங்கள். வேண்டுமென்றால் அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, பெரியப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது? அனுமதி கேட்டுப் போகாதீர்கள், உதவி கேட்டுப் போங்கள். அவரோடு பிறந்த அக்கா தங்கைகள் யார் யார், எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள், அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று பேனாவும் தாளுமாகக் கேளுங்கள். அந்தத் தலைமுறையின் பிறந்த வரிசை உங்கள் வீட்டில் அவருக்குத்தான் சரியாகத் தெரிந்திருக்கும்.