பழைய குத்துச்சண்டைகளைத் திரும்பப் பார்த்தால் வீரர்கள் மீதான மதிப்பு மாறுமா?

மாறும். 1987 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர்கள் மார்வின் ஹேக்லர் - சுகர் ரே லெனார்ட் மோதிய சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 12 சுற்றுகள், புள்ளி போடும் மூன்று நடுவர்களில் இருவர் வெற்றியை லெனார்டுக்குக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் 118-110 என்று அவ்வளவு பெரிய புள்ளி வித்தியாசம் போட்டது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். சுற்று முடியும் நேரத்தில் லெனார்ட் படபடவென்று குத்துவார், கூட்டம் அலறும். சத்தம் இல்லாமல் பார்த்தால், அதில் பல குத்துகள் ஹேக்லரின் கையுறையிலும் தோளிலும்தான் விழுகின்றன.

அதற்காக ஹேக்லருக்குப் பரிந்து பேசவும் முடியாது. இடக்கை நிலையில் நின்றே பெயர் வாங்கியவர், தொடக்கச் சுற்றுகளில் வலக்கைக்காரர்போல நின்று புள்ளிகளைத் தாரை வார்த்தார். 1984-க்குப் பிறகு களமே இறங்காத லெனார்ட் அதை வைத்தே முன்னேறிவிட்டார். என் கணக்கில் லெனார்டுக்கு ஒரே ஒரு சுற்று கூடுதல். ஹேக்லர் அதன்பின் சண்டையிடவே இல்லை.