கர்ணன் மீதான பற்று வயதானாலும் ஏன் குறைவதில்லை?

சிறுவயதில் கேட்ட கர்ணன் கதை, வாழ்நாள் முழுவதும் ஏன் விடாமல் பற்றிக்கொள்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கொடை என்பதே வழக்கமான விடை. இந்திரனுக்குக் கவச குண்டலங்களை அறுத்துக் கொடுத்ததும், வில்லிபாரதத்தில் குற்றுயிராய்க் கிடக்கையிலும் வேதியனாக வந்த கண்ணனுக்குத் தன் புண்ணியம் அனைத்தையும் தாரை வார்த்ததும் எவரையும் உருக்கும். என்னை முதலில் ஈர்த்தவையும் அவையே.

ஆனால் வயது ஏற ஏற, வியாச பாரதத்தின் உத்தியோக பருவத்தில் வரும் ஓர் உரையாடலே என்னைப் பிடித்து நிறுத்துகிறது. தூது முடிந்து திரும்பும் கண்ணன், கர்ணனைத் தேரில் ஏற்றிச் சென்று, அவன் குந்தியின் மூத்த மகன் என்றும், பாண்டவர் பக்கம் வந்தால் அரியணை அவனுக்கே என்றும் சொல்கிறான். கர்ணனோ, தன்னை வளர்த்த அதிரதனையும் ராதையையும், தன்னை நம்பிப் போருக்குத் துணிந்த துரியோதனனையும் கைவிட மறுப்பதோடு, இவ்வுண்மை தருமனுக்குத் தெரிய வேண்டாம் என்றும் வேண்டுகிறான்; தெரிந்தால் தருமன் நாட்டை ஏற்கமாட்டான், தன் கைக்கு வரும் நாட்டைத் தான் துரியோதனனிடமே கொடுத்துவிடுவேன் என்பது அவன் சொல்லும் காரணம். தன் பக்கம் தோற்கும் என்பதை அறிந்தே இப்படிப் பேசுகிறான்.

அவனைக் குற்றமற்றவனாக்கும் மேடைப் பேச்சுகளில் (அவற்றுக்குக் குறைவே இல்லை) எனக்கு உடன்பாடில்லை. சூதாட்ட அவையில் திரௌபதியின் ஆடையைக் களையச் சொன்னவனும் அவன்தான். துரியோதனனை மகிழ்விக்கவே பாண்டவர்களிடம் கடுஞ்சொல் பேசினேன் என்று அதே உரையாடலில் அவன் வருந்துகிறான். அந்த உறுதியும் இந்தக் குற்றமும் ஒரே செஞ்சோற்றுக் கடனில் முளைத்தவை என்பதால், என்னால் அவனை வெறுக்கவும் முடியவில்லை, முழுதாக மன்னிக்கவும் முடியவில்லை.