மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்காத பசு

கேள்வி: என் கலப்பினப் பசு இரண்டாவது கன்று ஈன்று 5 மாதம் ஆகிறது. 21 நாளுக்கு ஒருமுறை தவறாமல் பருவத்துக்கு வருகிறது. விடியற்காலையில் கத்தத் தொடங்கினால், மறுநாள் நண்பகலில்தான் சினை ஊசி போட முடிகிறது. மூன்று முறை போட்டும் நிற்கவில்லை. ஊசி போட்டதற்கு அடுத்த நாள் காலையில் வாலில் இரத்தம் ஒட்டியிருக்கிறது. மாட்டை விற்றுவிடலாமா?

பதில்: விற்க வேண்டாம். 21 நாள் கணக்குத் தவறாமல் பருவத்துக்கு வரும் பசுவின் சினைப்பை ஒழுங்காகவே வேலை செய்கிறது. குறை பசுவிடம் இல்லை, ஊசி போடும், அதாவது விந்து செலுத்தும், நேரத்தில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். அதற்குச் சான்று நீங்கள் கண்ட இரத்தமே. பருவத்தின்போது கருப்பையின் உட்சவ்வில் புடைத்திருந்த நுண்ணிய இரத்தக் குழாய்கள், பருவம் தணிந்தபின் கசிவதால் அது வருகிறது. அந்தக் கசிவு சினை நின்றதையும் காட்டாது, கலைந்ததையும் காட்டாது. பருவம் முடிந்து ஓரிரு நாள் ஆகிவிட்டது என்பதை மட்டுமே காட்டும். ஊசி போட்ட மறுநாள் காலையிலேயே அது தென்படுகிறதென்றால், ஊசி காலம் கடந்து போடப்பட்டிருக்கிறது.

மணிக்கணக்கைப் பாருங்கள். விடியற்காலை 5 மணிக்குப் பருவம் தொடங்கினால், ஏறத்தாழ 28 முதல் 30 மணி நேரம் கழித்து, அதாவது மறுநாள் முற்பகலில், சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியேறுகிறது. நீங்கள் ஊசி போடும்போது அது வெளியேறி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். அப்போதும் விந்தணு உடனே கருவூட்டிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் இத்துறைக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அது உண்மையன்று என்று காட்டியவர்களில் ஒருவர் எம். சி. சாங். சீனாவில் பிறந்து, கேம்பிரிட்ஜில் ஆட்டுக்கடாக்களின் விந்தணுவை ஆராய்ந்து 1941-இல் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவில் வாழ்நாள் முழுவதும் இனப்பெருக்க ஆய்விலேயே உழைத்தவர். பெண் முயலின் இனப்பெருக்கப் பாதையில் சில மணி நேரம் தங்கிப் பக்குவப்பட்ட பின்னரே விந்தணுவால் முட்டையைத் துளைக்க முடியும் என்று அவர் 1951-இல் கண்டறிந்தார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் காலின் ஆஸ்டினும் எலிகளில் இதே முடிவுக்குத் தனியாக வந்தார். அவ்வாறு பக்குவப்பட்ட விந்தணுவைக் கொண்டு, உடலுக்கு வெளியே கருவூட்டிய முட்டைகளிலிருந்து 1959-இல் சாங் முயல் குட்டிகளைப் பெற்றார். ஆய்வகத்தில் முயலுக்கும் எலிக்கும் நடந்த அந்தப் பொறுமையான வேலையில்தான் உங்கள் தொழுவத்துக்கான விடையும் இருக்கிறது.

பசுவிலும் விந்தணு பக்குவப்பட்டு முட்டையைச் சந்திக்க 6 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வெளியேறிய முட்டையோ 6 முதல் 12 மணி நேரமே வீரியத்துடன் இருக்கும். நண்பகலில் போட்ட விந்து தயாராகும் இரவு வேளையில், முட்டை தளர்ந்துவிடுகிறது. எனவே விந்தணு முன்னதாகச் சென்று காத்திருக்க வேண்டும். காலையில் பருவம் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது என்ற முறை, 1948-இல் டிரிம்பெர்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வின் அடிப்படையில் வந்தது. இன்றும் அதை மாற்றத் தேவையிருக்கவில்லை.

கத்துவதை மட்டும் நம்பாதீர்கள். மற்ற மாடு மேலே தாவும்போது விலகாமல் நிற்பதே உறுதியான அடையாளம். ஒற்றை மாடாக இருந்தால், பிறப்புறுப்பிலிருந்து வடியும் வழும்பைக் கையிலெடுத்துப் பாருங்கள். முட்டையின் வெள்ளைக்கருபோலத் தெளிவாக, இரு விரல்களுக்கிடையே அறுபடாமல் கயிறுபோல இழுபட வேண்டும். அதில் அரிசி நொய் அளவு வெண்மையான திட்டு தெரிந்தாலும் அது சீழ். அம்முறை ஊசியைத் தவிர்த்து, கருப்பை அழற்சிக்குக் கால்நடை மருத்துவரிடம் சிகிச்சை பெறுங்கள்.

உறைவிந்துக் குச்சியைத் திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்தால், 37 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, தாமதமின்றிப் பயன்படுத்துகிறார்களா என்றும் கவனியுங்கள். கையிடுக்கில் வைத்துக் கரைப்பதை அனுமதிக்காதீர்கள்.

பசு மெலிந்திருந்தால் தீவனத்தையும் சரிசெய்யுங்கள். ஆனால் பலன் அடுத்த பருவத்திலேயே தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இன்று வெளியேறும் முட்டை இரண்டு, மூன்று மாதங்களாக வளர்ந்து வந்தது.

அடுத்த பருவம் தொடங்கிய மணியையும் ஊசி போட்ட மணியையும் எழுதி வையுங்கள். சரியான நேரத்தில் இரண்டு முறை போட்டும் நிற்காவிட்டால், ஊசி போட்ட 24 மணி நேரம் கழித்துச் சினைப்பையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முட்டை வெளியேறுவது தாமதமாகிறதா என்பது அப்போது தெரியும், அதற்கு மருந்தும் உண்டு.