கம்பு நீண்டால் உயரமும் கூடுமா?

கேள்வி: கோலூன்றித் தாண்டுதலில் கம்பின் நீளத்துக்கு வரம்பே இல்லையாமே? பிறகு ஏன் யாரும் பத்து மீட்டர் கம்போடு வருவதில்லை?

பதில்: உண்மைதான், நீளம், தடிமன், பொருள் எதற்கும் விதியில் தடை இல்லை. ஆனால் கம்பு தானாக ஆற்றல் தராது. ஓட்டத்தின் வேகத்தை வாங்கி, வளைந்து, திருப்பித் தருகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகம் உடலைச் சுமார் 5 மீட்டர் உயர்த்தும். உடலின் ஈர்ப்பு மையம் முதலிலேயே தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலே இருக்கிறது. இந்த ஆறு மீட்டருக்கு மேலான மிச்சம், உச்சியில் தலைகீழாகக் கைகளால் தள்ளும் கணத்தில் கிடைப்பது.

பயிற்சியாளனாக நான் முதலில் பார்ப்பது ஓட்டத்தைத்தான். வேகம் போதாவிட்டால் நீளக் கம்பு நிமிராது. தாண்டுபவரை ஓடுபாதைக்கே திருப்பி எறிந்துவிடும். தயவுசெய்து யாரும் முயல வேண்டாம்!

1942இல் மூங்கில் கம்பால் அமெரிக்க வீரர் வார்மர்டாம் 4.77 மீட்டர் தாண்டினார். 2025இல் சுவீடன் வீரர் டுப்லாண்டிஸ், நாரிழைக் கம்பால் 6.30. அவர் ஓடும் வேகத்தைப் பார்த்தால் இன்னும் சில சென்டிமீட்டர் கூடும் என்றே நம்புகிறேன்.